எங்கள் தீவுகளின் பெயரால் நடக்கும் போட்டி: வடக்கு கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வடக்கு, கிழக்கு மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நெடுந்தீவில் பிறந்தவள். தீவகப் பள்ளிக்கூடங்களில் புவியியலும் சமூகக்கல்வியும் படிப்பித்து ஓய்வுபெற்று, இப்போது யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் குடும்பம் இன்னும் ஊரில்தான். மாதம் ஒருமுறையாவது குறிகட்டுவானில் படகேறிப் போய் வருவேன்.

‘கேந்திர முக்கியத்துவம்’ என்ற சொல்லை இருபது வருடத்துக்கு மேல் வகுப்பில் படிப்பித்தவள் நான். திருகோணமலைத் துறைமுகத்தைக் கரும்பலகையில் கீறிக் காட்டி, உலகத்தின் கண் எங்கள் கரையில் இருக்கிறது என்று பெருமையோடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பத்திரிகையில் கண்டால் வயிறு கலங்குகிறது. இந்தியாவும் சீனாவும் போடும் போட்டியில் எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னால் அது வரத் தொடங்கிய பிறகு, ஊருக்கு வரவேண்டிய மின்சாரம் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் தேசிய மின்வலையமைப்பு எட்டவில்லை. மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பித்தான் அங்கே விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் இயங்கிவந்தன. அந்த டீசலும் கடல் கடந்துதான் வரவேண்டும். இத்தனைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லாத ஊர் எங்களுடையது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பனைமரங்கள் எழுப்பும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுத்து, மின்கலத்தில் சேமித்து, அவசரத்துக்கு மட்டும் டீசலை வைத்துக்கொள்ளும் ஒரு திட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது ஊரில் எல்லாருக்கும் சந்தோசம்.

2021 ஜனவரியில் அந்த வேலையை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். சர்வதேச விலைமனு கோரி எடுத்த முடிவு அது. பெறுமதி சுமார் 1 கோடியே 20 இலட்சம் டொலர். ஒரு நாட்டின் கணக்கில் இது பெரிய தொகையே அல்ல. ஆனால் நெடுந்தீவு தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர். இந்தியப் பத்திரிகைகள் அந்தத் தூரத்தை வைத்தே செய்தியைத் தொடங்கின. டெல்லி எதிர்ப்புத் தெரிவித்தது. கடனுக்குப் பதிலாக நன்கொடையாகவே செய்து தருகிறோம் என்றது. கொழும்பு இந்தப் பக்கமும் சொல்லாமல் அந்தப் பக்கமும் சொல்லாமல் மாதங்களைக் கடத்தியது. 2021 டிசம்பரில் சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்பட்டுள்ளதாக அறிவித்தது. அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: அந்த நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க நவம்பர் 29 அன்று ஒப்பந்தம் செய்துவிட்டதாம்.

அன்றைக்கு அண்ணன் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான்: “அப்ப எங்களுக்கு?”

2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் கொழும்பு வந்தபோது நன்கொடைக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. சூரியசக்தியில் 1700 கிலோவாற், காற்றில் 530 கிலோவாற், 2400 கிலோவாற் மணி சேமிக்கும் மின்கலம், கூடவே மாற்று ஏற்பாடாக டீசல் இயந்திரம் என்று திட்டம் வகுக்கப்பட்டது. பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச் 1 அன்று. அமைச்சரவையின் முதல் தீர்மானத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், மூன்று வருடத்துக்கும் மேல். 2024 டிசம்பரில் எங்கள் ஜனாதிபதி டெல்லி போனபோது வெளிவந்த கூட்டறிக்கையிலும் மூன்று தீவுகளின் மின்திட்டத்தைக் காலத்தோடு முடிப்பது பற்றிய வரி இருந்தது. அந்த வருடங்கள் முழுவதும் ஊர்ச் சனத்தைக் கூட்டி ஒருவர்கூடக் கருத்துக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கடன் நன்கொடையானதை நான் குறை சொல்லவில்லை. கடன் குறைந்தால் நாட்டுக்கு நல்லது. இந்தியாவின் கவலையும் வெறும் சாட்டல்ல. 2014 இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் வந்து தரித்தது உண்மை. 2020 ஜூனில் சீன எல்லையில் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்திய இராணுவத்தினர் 20 பேர் உயிரிழந்ததும் உண்மை. சீனத் தரப்பு தன் ஆட்கள் நால்வர் இறந்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டது. 1962 போரிலிருந்து ஆறாத ஒரு புண் அது. பக்கத்து நாட்டோடு அப்படி ஒரு பகை இருக்கும்போது, தன் கரைக்கு முன்னால் அந்நாட்டவர் வேலைசெய்வதை எந்த அரசும் இலகுவில் ஏற்காது.

ஆனால் உறுப்பினர்களே, இதையும் சேர்த்துப் பாருங்கள். கல்வானில் அத்தனை பேர் இறந்த பிறகும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான வியாபாரம் நிற்கவில்லை, கூடியது. வருடத்துக்கு 10,000 கோடி டொலரைத் தாண்டிய வியாபாரம் அது. 2024-25 நிதியாண்டில் சீனாவுடனான இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை மட்டும் 9,900 கோடி டொலர் அளவுக்கு வந்தது. எங்கள் தீவுகளில் சீன நிறுவனம் சூரியத் தகடு பொருத்தக்கூடாது என்று சொன்ன அதே வருடங்களில், இந்தியா இறக்குமதி செய்த சூரியத் தகடுகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் போனது. இரண்டு பெரிய நாடுகளும் தங்களுக்குத் தேவையானதைப் பகையைத் தாண்டியும் வாங்கி விற்கின்றன. தம் மக்களின் தேவையை முதலில் வைக்கின்றன. அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். எங்கள் பிரதிநிதிகளும் எங்கள் தேவையை முதலில் வைத்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

சீனா எங்களுக்காக உருகுகிறது என்றும் நான் நம்பவில்லை. 2021 டிசம்பரில், மின்திட்டம் இழுபறியில் கிடந்த அதே மாதத்தில், சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, மேலாடை இல்லாமல் நல்லூர்க் கந்தனை வணங்கினார். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் போனார். மன்னாரில் இராமர் பாலத்து மணல்திட்டு வரைக்கும் போய்ப் பார்த்தார். விருந்தாளியாக வந்தவரை வரவேற்றோம், அது எங்கள் பழக்கம். ஆனால் அதற்குச் சில மாதம் முன்னால், பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள நிறுவனம் ஒன்றின் கடலட்டைப் பண்ணை வந்தபோது, அங்கே காலங்காலமாகத் தொழில் செய்தவர்கள் எங்களைக் கேட்காமல் எப்படி வேலி போட்டீர்கள் என்று போராட வேண்டியிருந்தது. அதே 2021 இல் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் கெட்ட கிருமி இருப்பதாக எங்கள் தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் சொல்லிக் கப்பலைத் திருப்பினார்கள். பிறகு நடந்தது என்ன? பணம் கொடுக்கவில்லை என்று மக்கள் வங்கியைச் சீனா கறுப்புப் பட்டியலில் போட்டது, பசளையே இறங்காத நிலையில் 60 இலட்சம் டொலருக்கும் மேல் கட்டி நாங்கள் சமாதானமானோம்.

அம்பாந்தோட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பறித்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உங்களில் சிலரும் மேடையில் அப்படித்தான் பேசுகிறீர்கள். நடந்தது அதைவிடக் கவலைக்குரியது. 2017 இல் 112 கோடி டொலருக்கு அது 99 வருடக் குத்தகைக்குப் போனது. அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. வேறு இடத்தில் வாங்கிய கடன்களுக்கு டொலர் தட்டுப்பாடாக இருந்ததால் கையிருப்புக்குப் போனது. துறைமுகத்தைக் கட்ட வாங்கிய கடன் அப்படியே எங்கள் தலையில் நின்றது. யார் பறித்தார்கள் என்று பேசிக்கொண்டிருப்பதால், யார் கையெழுத்துப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது.

நான் யோசித்து யோசித்து வந்து சேர்ந்த இடம் இது. இரண்டு வல்லரசுகள் போட்டியிடுகின்றன, ஆகவே சின்ன நாட்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எங்கள் கரையில் நடந்தது வேறு. நாடுகளுக்கு இடையில் போட்டி கூடக் கூட, விலைமனுவில் போட்டி இல்லாமல் போனது. தீவுத் திட்டத்தில் திறந்த விலைமனுவில் எடுத்த முடிவு கைவிடப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவோடும் யப்பானோடும் சேர்ந்து நடத்துவதாக 2019 இல் கையெழுத்திட்டார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்க்க, 2021 பெப்ரவரி தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். டெல்லி கோபப்பட, மேற்கு முனையத்தைத் தூக்கி அதானி குழுமத்திடம் கொடுத்தார்கள். இதெல்லாம் தீவுத் திட்டம் சீன நிறுவனத்துக்குப் போன அதே வாரங்களில் நடந்தவை. ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு இன்னொன்று என்று பங்கு பிரித்தார்கள். எது மலிவு, எது தரம், அந்த இடத்துச் சனத்துக்கு எது தேவை என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இருக்கவில்லை.

மன்னாரிலும் பூநகரியிலும் வரவிருந்த அதானியின் 484 மெகாவாற் காற்றாலையையும் அப்படித்தான் பார்க்கிறேன். போட்டி விலைமனு இல்லாமலே பேசி, 20 வருடத்துக்கு ஓர் அலகு 8.26 அமெரிக்க சதம் என்று விலை வைத்தார்கள். மன்னார்ச் சனம் பறவைகளைப் பற்றிச் சொன்னது, வெள்ளம் வடியாது என்று சொன்னது, நீதிமன்றத்துக்கும் போனார்கள். கடைசியில் புதிய அரசு விலையைக் குறைக்கச் சொன்னதும் 2025 பெப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. மூன்று வருடம் வீண். காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், டீசலின் புகையையும் செலவையும் கண்டு வளர்ந்தவள் நான். முதல் நாளே திறந்த விலைமனு கோரி, மன்னாரில் எங்கே வைக்கலாம் எங்கே வைக்கக்கூடாது என்று அந்தச் சனத்தோடு உட்கார்ந்து பேசியிருந்தால், இன்றைக்கு ஏதோ ஒரு காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கும்.

கிழக்கு உறுப்பினர்களுக்குத் திருகோணமலைச் சம்பூரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2006 இல் போரால் இடம்பெயர்ந்தவர்களில் பலர் 2015 வரை ஊர் திரும்ப முடியாமல் முகாம்களில் இருந்தார்கள். நுரைச்சோலையில் சீனக் கடனில் அனல்மின் நிலையம் எழுந்தது, அதற்கு ஈடாகச் சம்பூரில் இந்தியாவின் அனல்மின் நிலையம் என்றார்கள். 2016 இல் அது கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தை 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் தொடக்கிவைத்தார். நிலக்கரியைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அந்த ஒன்பது வருட முகாம் வாழ்க்கைக்கு யார் பொறுப்பு என்று எந்தக் கூட்டறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

இனிக் கடல். 2022 ஓகஸ்ட் 16 அன்று சீனாவின் யுவான் வாங் 5 என்ற கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. ஆராய்ச்சிக் கப்பல் என்றது சீனா, உளவுக் கப்பல் என்றது இந்திய ஊடகம். ஒரு வாரம் தொலைக்காட்சியில் வேறு பேச்சு இல்லை. அந்தக் கப்பல் 22 ஆம் திகதி புறப்பட்டது. அதற்கு முந்திய இரவுதான் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. சின்னப் படகில் தொழிலுக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். படகுகள் கரையில் இழுத்துவிடப்பட்டுக் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன். கப்பலைப் பற்றிப் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்காவது அந்த விலையைப் பற்றி அன்றைக்குப் பேசினோமா?

நெடுந்தீவுக் கடலில் இன்னொரு வேதனை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். திங்கள், புதன், சனி என்றால் எங்கள் ஆட்கள் வலை போடப் பயப்படுவார்கள். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வருகிற நாட்கள் அவை. வருபவர்களும் எங்கள் மொழி பேசுபவர்கள், கடன்பட்டுக் கூலிக்கு வருபவர்கள். அவர்கள் பிடிபட்டுச் சிறையில் இருப்பதை நினைத்தாலும் மனம் பதைக்கிறது, அறுந்த வலையோடு கரைக்கு வரும் எங்கள் பெடியனின் முகத்தைப் பார்த்தாலும் பதைக்கிறது. இந்தியாவோடு மின்சாரம், துறைமுகம், பாதுகாப்பு என்று எவ்வளவோ பேசுகிற கொழும்பு, கடலடியைச் சுரண்டும் இழுவைமடியை எப்போது நிறுத்துவீர்கள் என்று ஒரு திகதி கேட்டு வாங்கியதில்லை. பேரம் பேசும் மேசையில் எங்கள் மீன் எப்போதும் கடைசி.

உங்களால் முடியாது என்று நான் நினைத்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2017 ஜூலையில் நிறைவேறியதே, அது எப்படி வந்தது? இதே சபையில் தமிழ் உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்திலிருந்து. ஒரே ஓர் ஆள் விடாமல் நின்றதால் வந்தது. 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாணம் அனுப்பிய ஆறு பேரில் மூன்று பேர் ஆளும் கட்சியினர். அமைச்சர்களிடம் நேரே கேட்கக்கூடியவர்கள் இப்போது எங்களுக்கு இருக்கிறார்கள். எதிர்க்கட்சியில் இருப்பவர்களுக்குக் கேள்வி கேட்பதே கடமை.

ஆகவே கேட்கிறேன். 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியாவோடு கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கையாகட்டும், அதே வருட ஜனவரியில் அம்பாந்தோட்டை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குச் சீனாவின் சினோபெக்கோடு பேசிய 370 கோடி டொலர் முதலீடாகட்டும், முழு வாசகமும் பாராளுமன்றத்தில் வைக்கப்படவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். இந்தியாவோடு செய்தது என்றால் தமிழ் உறுப்பினர்கள் மௌனம், சீனாவோடு செய்தது என்றால் முழக்கம் என்ற நிலை இனி வேண்டாம். யாழ்தேவி ஓடும் தண்டவாளம் இந்தியக் கடனில் மீண்டது. ஏ9 வீதி சீனக் கடனில் திருந்தியது. இரண்டும் எங்களுக்குத் தேவைப்பட்டன, இரண்டிலும் நாங்கள் பயணம் செய்கிறோம். 2022 இல் நாடு விழுந்து கிடந்தபோது இந்தியா தந்த சுமார் 400 கோடி டொலர் உதவியை நான் மறக்கவில்லை, அந்த நன்றி மனதில் இருக்கிறது. ஆனால் நன்றி இருப்பதால் ஒப்பந்தத்தை வாசிக்காமல் விடலாமா? நான் படிப்பித்த பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெளிநாட்டுத் திட்டம் எதுவானாலும், அமைச்சரவைக்குப் போகுமுன் அந்தப் பிரதேச செயலகத்தில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்று ஒரு சட்டமூலம் கொண்டுவாருங்கள். தனிநபர் சட்டமூலமானாலும் பரவாயில்லை. அதுவரைக்கும் 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் எப்படி விண்ணப்பிப்பது என்று ஊர்ச் சங்கங்களுக்குப் படிப்பிக்க உங்கள் அலுவலகங்கள் முன்வந்தால், நானும் வந்து உதவி செய்கிறேன்.

தீவுத் திட்டத்தைப் பற்றி எரிசக்தி அமைச்சரிடம் நீங்கள் வாய்மூலமாகக் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. 2400 கிலோவாற் மணி மின்கலம் பத்து வருடமோ பன்னிரண்டு வருடமோ கழித்துப் பழுதாகும்போது புதியதற்கு யார் பணம் தருவார்? நன்கொடை அதுவரை நீளுமா, மின்சார சபையா, அல்லது எங்கள் மின்பட்டியலா? காற்றாலை உப்புக்காற்றில் கெட்டால் பெங்களூரிலிருந்து ஆள் வரும்வரை ஊர் பழையபடி டீசலுக்குத் திரும்புமா? அதைத் திருத்தத் தீவகப் பிள்ளைகள் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள்? தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் என் மாணவர்கள் இருவரின் முகம் இதை எழுதும்போது எனக்கு முன்னால் நிற்கிறது. கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஐஸ் ஆலை நடத்தும் அளவுக்கு அந்த மின்சாரம் போதுமா?

பதில்களைப் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் வாசித்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒருநாள், கட்சிக்காரர், கமராக்காரர் யாருமில்லாமல், காலைப் படகில் குறிகட்டுவானிலிருந்து வாருங்கள். மாவலி இறங்குதுறையில் நான் காத்திருக்கிறேன். அண்ணன் வீடு அங்கிருந்து தூரமில்லை, மத்தியானச் சாப்பாடு எங்களோடு. இரவு தங்கினால் இன்னும் நல்லது, ஊரில் மின்சாரம் எப்படி என்று நீங்களே பார்க்கலாம்.

அன்புடன்,
நெடுந்தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்